திருநரும் ஊடுபால் உடலமைப்பு உள்ளவர்களும் கத்தோலிக்கத் துறவறத்தில் சேரலாமா? சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2021 பிப்ரவரியில் அமெரிக்கக் கத்தோலிக்க ஊடகங்களில் ஒரு கடிதம் வெளியானது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் சிலர், யாரும் அறியாமலே குருமடங்களிலும் பயிற்சி இல்லங்களிலும் சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்திருப்பதாகவும், இனி டி.என்.ஏ. பரிசோதனையோ குறைந்தபட்சம் உடல் பரிசோதனையோ கேட்பதை ஆயர்கள் பரிசீலிக்கலாம் என்றும் அது சொன்னது. எழுதியவர் மில்வாக்கி பேராயர் ஜெரோம் லிஸ்டெக்கி. அப்போது அவர் அந்நாட்டு ஆயர் பேரவையில் திருச்சபைச் சட்டக் குழுவின் தலைவர்.

மூன்றாண்டு கழித்து, 2024 மே 19 அன்று, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் மறைமாவட்டத்தில் தனித்துறவியாக வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்து வாழும் சகோதரர் கிறிஸ்டியன் மாட்சன், தாம் ஒரு திருநம்பி என்று வெளிப்படையாக அறிவித்தார். ஆயர் ஜான் ஸ்டோவுக்கு அது முன்பே தெரியும். அறிவிப்புக்கும் அவர் இசைவு தந்திருந்தார்.

ஒரே நாடு, ஒரே திருச்சபை, ஒரே சட்டநூல். ஓரிடத்தில் கதவில் பரிசோதனை, இன்னோரிடத்தில் ஆயரே கதவைத் திறந்துவிடுகிறார். யார் சட்டத்தை மீறியது என்று கேட்டால், நேரடியான பதில் கிடைக்காது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1752 விதிகள் உள்ளன. திருநர் என்றோ ஊடுபால் என்றோ ஒரு விதியும் பேசவில்லை. வேறு தேவைகளுக்காக எழுதப்பட்ட விதிகளைக் கொண்டுதான் ஒவ்வொரு முடிவும் எடுக்கப்படுகிறது. எந்த விதியைக் கையில் எடுப்பது என்பது, அந்த நபர் எந்த வாசலில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

இரண்டு வேறு நிலைகள்

திருநர் என்பவர், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலோடு தம் பாலின உணர்வு ஒத்துப்போகாதவர். பெரும்பாலோரின் குரோமோசோமும் உறுப்பமைப்பும் மருத்துவக் கண்ணில் வழக்கமானவையே.

ஊடுபால் என்பது உடலின் பிறவி அமைப்பு. குரோமோசோம், பாலியல் சுரப்பி, உறுப்புகள் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ வழக்கமான ஆண், பெண் அமைப்புக்குள் அடங்காமல் இருக்கும். இவர்களில் மிகப் பலர் தங்களைப் பெண் என்றோ ஆண் என்றோ எந்தக் குழப்பமும் இல்லாமல் உணர்கிறவர்கள். இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டம் ஊடுபாலையும் அதே வரையறைக்குள் சேர்த்துக்கொண்டதால் நம் ஊரில் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் இன்னும் வலுத்துவிட்டது. திருச்சபையின் ஆவணங்கள் இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன. இதை மறந்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது.

உடல் எப்படிப் பால் கொள்கிறது

துறவற சபையின் மருத்துவப் படிவத்தைப் படிக்கிறவருக்கு இந்த அடிப்படை அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

1. கருவின் ஆறாம் வாரம் வரை எல்லாக் கருவுக்கும் பாலியல் சுரப்பி ஒரே மாதிரிதான். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு வேலை செய்தால் அது விந்தகமாக மாறத் தொடங்கும். இந்த மரபணு கண்டறியப்பட்டது 1990-ல்.

2. விந்தகம் இரண்டு சுரப்புகளை அனுப்பும். ஒன்று, கருப்பை உருவாகாமல் தடுக்கும் முல்லேரியன் எதிர்ப்பு ஹார்மோன். மற்றது, ஆண் உள்ளுறுப்புகளை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன்.

3. டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் வெளியே ஆணுறுப்பு முழுமையாக அமையும்.

4. இவ்வளவும் நடந்தாலும், அந்த ஹார்மோனை ஏற்கும் ஏற்பி செல்களில் இல்லையென்றால் பயனில்லை.

இந்த நான்கு கட்டங்களில் எங்கே வழி மாறினாலும் ஒரு ஊடுபால் நிலை உண்டாகிறது. நான்காம் கட்டத்தில் ஏற்பி முழுதும் வேலை செய்யாவிட்டால், எக்ஸ் ஒய் குரோமோசோம் உள்ள குழந்தை வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே பிறக்கும். ஆண்ட்ரோஜன் முழு ஏற்பின்மை என்று இதற்குப் பெயர். மார்பு வளரும், பெண்ணாகவே வளர்வார். கருப்பை இராது, மாதவிடாய் வராது. கீழிறங்காத விந்தகம் வயிற்றுக்குள் இருக்கும். சிறுவயதுக் குடலிறக்க அறுவையின்போது தெரியவரலாம். இல்லையென்றால் பதினைந்து, பதினாறு வயதில் ‘இன்னும் பெரியவளாகவில்லையே’ என்று வீட்டார் மருத்துவரிடம் போகும்போது தெரியும். துறவறத்துக்குப் பெண்கள் விண்ணப்பிக்கத் தொடங்கும் வயதும் அதற்கு அடுத்ததுதான்.

முதல் கட்டத்திலேயே சுரப்பி வளராமல் போவது ஸ்வயர் நிலை. குரோமோசோம் எக்ஸ் ஒய், ஆனால் கருப்பை உண்டு. வளராத சுரப்பியில் புற்றுநோய் வாய்ப்பு அதிகம் என்பதால் பொதுவாக அதை அகற்றிவிடுவார்கள்.

எக்ஸ் எக்ஸ் குழந்தைகளில் அடிக்கடி காணப்படுவது பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. ஏறத்தாழ 15,000 பிறப்பில் ஒன்று. அட்ரினல் சுரப்பி கார்டிசால் செய்ய முடியாமல் ஆண் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும். கருப்பையும் சூலகமும் முழுமையாக இருந்தும் வெளியுறுப்பு ஆண்போலத் தோன்றலாம். ஆண் குழந்தை என்று பதிவு செய்யப்பட்டு, பிறகு திருத்தப்படும் தவறுகளில் பல இங்கேதான் நடக்கின்றன.

குரோமோசோம் எண்ணிக்கை மாறும் நிலைகளும் உண்டு: பெண்களில் ஓர் எக்ஸ் குறையும் டர்னர், ஆண்களில் ஓர் எக்ஸ் கூடும் கிளைன்ஃபெல்டர். கிளைன்ஃபெல்டர் நிலை உள்ள ஆண்கள் பலர் வாழ்நாள் முழுவதும் அதை அறியாமலே இருந்துவிடுகிறார்கள். குருக்களிலும் சகோதரர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் வேண்டும். யாரும் தேடவில்லை, யாருக்கும் இடைஞ்சலும் இல்லை.

மக்கள்தொகையில் 1.7 விழுக்காடு என்று ஒரு மதிப்பீடும் 0.018 விழுக்காடு என்று ஒரு மதிப்பீடும் சுற்றுவதற்குக் காரணம், இந்தக் கடைசி வகைகளையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிற்காலத்தில் வெளிப்படும் லேசான அட்ரினல் மிகைவளர்ச்சியையும் சேர்த்து எண்ணுவதா விடுவதா என்பதே.

பழைய சட்டம் எப்படிப் பார்த்தது

இது நவீன காலத்துப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. ரோமானியச் சட்டவியலாளர் உல்பியன், இருபால் கூறும் உள்ளவரை ‘எந்தப் பால் மேலோங்கி இருக்கிறதோ அதைக் கொண்டு கணிக்க வேண்டும்’ என்றார். 1140-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட கிராசியனின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இந்த அளவுகோல் ஏறியது. உயில் சாட்சியத்துக்காக வந்த விதி அது. இடைக்காலச் சட்ட அறிஞர்கள் அதையே குருத்துவத்துக்கும் நீட்டினார்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் உடற்குறைகள் சில குருத்துவத்துக்குத் தடையாக இருந்தன. 1983-ல் அந்தத் தடை நீக்கப்பட்டது. ‘மேலோங்கிய பால்’ என்ற பழைய அளவுகோலை மட்டும் சட்ட வல்லுநர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சுரப்பி, உறுப்பு, வளர்ந்த விதம் எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுகிறார்கள்; குரோமோசோம் அவற்றில் ஒன்று மட்டுமே.

மூன்று வாசல்கள், மூன்று அளவுகோல்கள்

குருத்துவம்

விதி 1024: திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே செல்லத்தக்க விதத்தில் குருத்துவத் திருநிலை பெற முடியும். இது செல்லுமா செல்லாதா என்ற கேள்வி. ஒழுங்கு, தகுதி என்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். பெறுபவர் ஆண் இல்லையென்றால், எத்தனை ஆயர்கள் கைகளை வைத்தாலும் எதுவும் நிகழவில்லை என்பதே திருச்சபையின் நிலைப்பாடு. அவர் நிறைவேற்றிய திருப்பலிகள், கொடுத்த பாவமன்னிப்புகள் எல்லாம் ஐயத்துக்குள்ளாகும். இதற்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்றே திருச்சபை சொல்கிறது. லிஸ்டெக்கியின் கடிதத்துக்குப் பின்னால் இருந்த பதற்றம் இதுதான்.

ஊடுபால் நிலையில் ஐயம் வந்தால், அருளடையாளங்களில் (திருமுழுக்கு, குருத்துவம் போன்ற திருச்சடங்குகளில்) பாதுகாப்பான வழியையே தேர வேண்டும் என்ற நெறி செயல்படும். ஐயம் தீராதவருக்குத் திருநிலை தரமாட்டார்கள்.

பிறகு தெரியவந்தால்? சாலி கிராஸின் வாழ்க்கை பொதுவெளியில் பதிவான எடுத்துக்காட்டு. 1953-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, ஆணாக வளர்க்கப்பட்டவர். டொமினிக்கன் சபையில் சேர்ந்து 1987-ல் இங்கிலாந்தில் குருவானார். 1990-களின் தொடக்கத்தில் தம் உடல் ஊடுபால் அமைப்புடையது என்று தெரிந்தபின் விடுப்பில் சென்றார். அதன்பின் குருநிலையும் சபை வாழ்வும் முடிவுக்கு வந்தன. நாடு திரும்பி ஊடுபால் உரிமைக்கான அமைப்பு ஒன்றை நிறுவினார். தென்னாப்பிரிக்காவின் சமத்துவச் சட்டத்தில் 2005-ல் ஊடுபால் இடம்பெற உழைத்தார். 2014-ல் இறந்தார். சட்டப்படி இத்தகைய நிலையில் இரண்டு வழிகள் உண்டு: திருநிலைப்பாடே செல்லாது என்று அறிவிப்பது, அல்லது திருத்தந்தையின் ஆணையால் குருநிலையிலிருந்து விடுவிப்பது. முதலாவது, அவர் அதுவரை ஆற்றிய பணி அத்தனையையும் கேள்விக்கு உட்படுத்திவிடும்.

துறவற சபை

இங்கே அளவுகோல் வேறு. விதி 597 சொல்வது: நேரிய நோக்கமும், பொதுச்சட்டமும் சபையின் சொந்தச் சட்டமும் கேட்கும் பண்புகளும் உள்ள, தடை ஏதும் இல்லாத எந்தக் கத்தோலிக்கரையும் சேர்க்கலாம். நவதுறவில் (சபையின் தொடக்கப் பயிற்சிக் காலத்தில்) சேர்வதைச் செல்லாததாக்கும் தடைகளை விதி 643 எண்ணிச் சொல்கிறது:

1. 17 வயது நிறைவடையாதவர்.
2. திருமணப் பந்தம் நீடிப்பவர்.
3. வேறொரு சபையின் பிணைப்பில் இருப்பவர்.
4. வற்புறுத்தல், கடும் அச்சம், வஞ்சகம் ஆகியவற்றால் சேர்பவர். அல்லது அவற்றால் தூண்டப்பட்டுத் தலைவர் சேர்த்துக்கொண்டவர்.
5. முன்பு ஒரு சபையில் இணைந்திருந்ததை மறைத்தவர்.

பால், பாலின அடையாளம் எதுவும் பட்டியலில் இல்லை. ஒரு செயலைச் செல்லாததாக்கும் சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் (விதி 10). உரிமையைக் குறுக்கும் சட்டத்தை இறுக்கமாகவே பொருள்கொள்ள வேண்டும் (விதி 18). ஆகவே பொதுச்சட்டத்தை மட்டும் வைத்து ஒரு திருநரின் வார்த்தைப்பாடு செல்லாது என்று சொல்வது கடினம்.

ஆனால் கதவு அகலத் திறந்திருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு சபையும் தன் ஒழுங்குநூலில் ஆண்களின் சபை, பெண்களின் சபை என்று வரையறுத்துக்கொண்டுள்ளது. விதி 643-இன் இரண்டாம் பகுதி, சபைகள் கூடுதல் தடைகளை வைக்க இடம் தருகிறது. ‘ஆண்’, ‘பெண்’ என்பவற்றைத் திருச்சபை பிறவி உடலைக் கொண்டே பொருள்கொள்கிறது. எனவே ஒரு திருநங்கை கன்னியர் சபையில் சேர்வதை இன்றைய நடைமுறை ஏற்காது. ஒரு திருநம்பி ஆண்கள் சபையில் சேர்வதும் அப்படியே.

ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை உள்ள பெண்ணின் நிலை வேறு. பிறந்ததிலிருந்து பெண், திருமுழுக்குப் பதிவேட்டில் பெண், உடலின் தோற்றமும் பெண். மேலோங்கிய பால் என்ற அளவுகோலில் அவர் பெண்ணே. பிள்ளை பெற முடியாது என்பது கற்பு வார்த்தைப்பாட்டுக்கு ஒரு குறையும் அல்ல. அவரைத் தடுக்க விதி ஏதும் எனக்குத் தென்படவில்லை.

தனித்துறவி, கன்னியர் வரிசை

விதி 603-இன் கீழ் வாழும் தனித்துறவி எந்தச் சபையிலும் உறுப்பினர் அல்ல. மறைமாவட்ட ஆயரின் கையில் வார்த்தைப்பாடு கொடுத்து, ஆயர் ஏற்ற வாழ்வுமுறையில் வாழ்பவர். ஆணாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம், விதி கண்டுகொள்வதில்லை. சபை இல்லாததால் விதி 643-இன் பட்டியலும் நேரடியாகப் பொருந்தாது. ஆயர் ஸ்டோவின் விளக்கமும் இதை ஒட்டியதுதான்: குருத்துவத்தை நாடவில்லை, அருளடையாளப் பணியும் இல்லை, ஒதுங்கிய வாழ்வு, எனவே தீங்கு ஏதும் தெரியவில்லை என்றார். அவர் சட்டத்தை உடைத்தார் என்று எழுதியவர்கள் எந்த விதியை என்று சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் முடிவு விவேகமானதா என்று விவாதிக்கலாம். அது வேறு கேள்வி.

விதி 604 பேசும் கன்னியர் வரிசை (சபையில் சேராமல், கன்னிமையை இறைவனுக்கு அர்ப்பணித்து வாழ்பவர்கள்) பெண்களுக்கு மட்டும் உரியது. தனித்துறவியின் நெகிழ்வு அங்கே கிடையாது.

வத்திக்கான் எழுதியவை

2000-ல், வத்திக்கானின் துறைகளில் ஒன்றான அன்றைய விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஓர் ஆவணத்தை இரகசியமாகத் திருப்பீடத் தூதர்களுக்கு அனுப்பியது. 2002-ல் அது ஆயர் பேரவைத் தலைவர்களுக்கும் போனது. 2003 ஜனவரியில் ஒரு கத்தோலிக்கச் செய்தி நிறுவனம் அதன் சாரத்தை வெளியிட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. பால்மாற்று அறுவை வெளித்தோற்றத்தை மட்டுமே மாற்றுகிறது, ஆளின் பால் மாறுவதில்லை. ஆகவே அறுவை செய்துகொண்டவர் திருமணத்துக்கோ குருத்துவத்துக்கோ துறவறத்துக்கோ தகுதியற்றவர். சபையில் இருப்பவர் செய்துகொண்டால் வெளியேற்றலாம். பதிவேட்டை மாற்றக் கூடாது. இவை அதன் சாரம் என்று செய்தி சொன்னது. முழு உரை அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. பலருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் ஒரு நெறியை, பாதிக்கப்படுகிறவர் படிக்க முடியாத இடத்தில் வைத்திருப்பது நல்ல சட்டமுறை ஆகாது.

அந்த ஆவணம் மனநோய் என்ற கணிப்பின் மேல் நின்றது. மருத்துவம் அதன்பின் நகர்ந்துவிட்டது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ‘அடையாளக் கோளாறு’ என்ற பெயரைக் கைவிட்டு, அதனால் வரும் மனவேதனையை மட்டும் நோயாகக் கொண்டது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் இதை மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது. ஆகவே ‘உளநலக் குறை’ என்ற காரணத்தைக் காட்டி ஒருவரை மறுக்கும் தலைவர், இன்று அதற்கு நிபுணரின் சான்றைப் பெறுவது எளிதல்ல. உடற்பால் என்ற காரணத்தையே நேராகச் சொல்ல வேண்டியிருக்கும்.

2019 ஜூனில் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் வெளியிட்ட ஆவணம் ஊடுபால் பற்றி ஒரு பத்தி எழுதியது: பால் தெளிவில்லாதபோது தலையிட வேண்டியவர்கள் மருத்துவர்கள், பெற்றோரோ சமூகமோ தம் விருப்பப்படி முடிவு செய்யக் கூடாது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை குழந்தைகளுக்கான ஊடுபால் ‘சீரமைப்பு’ அறுவையைத் தடுக்கச் சொன்னதும், ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு உயிராபத்து நீங்கலாக அதற்குத் தடை விதித்ததும் நினைவிருக்கலாம். நீதிமன்றம் குழந்தையின் ஒப்புதலை முன்வைத்தது, வத்திக்கான் மருத்துவரின் கணிப்பை முன்வைத்தது. பெற்றோரின் அவசரத்தை மட்டும் இரண்டும் ஏற்கவில்லை.

2023 அக்டோபரில், பிரேசில் ஆயர் ஒருவரின் கேள்விக்குப் பதிலாக, திருநர் திருமுழுக்குப் பெறலாம், சில நிபந்தனைகளோடு ஞானப்பெற்றோர் ஆகலாம், திருமணத்துக்குச் சாட்சியாக நிற்கலாம் என்று வத்திக்கான் சொன்னது. 2015-ல் ஸ்பெயினில் ஒரு திருநம்பி ஞானத்தந்தை ஆவதை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் மறுத்திருந்தது. துறவறம் பற்றி 2023-இன் பதில் ஒன்றும் பேசவில்லை.

2024 ஏப்ரல் 8 அன்று வெளியான, மனித மாண்பு பற்றிய அறிக்கை, பால்மாற்று சிகிச்சை பொதுவாக மனித மாண்பை அச்சுறுத்தும் என்றது. உடனே ஒரு விலக்கு: பிறப்பிலேயே தெரியும், அல்லது பின்னர் வெளிப்படும் உறுப்புக் குறைபாடுகளுக்கு மருத்துவ உதவி பெறுவது இங்கே சொல்லப்படும் பால்மாற்றம் ஆகாது. ஊடுபால் நிலைக்காக அறுவை செய்துகொண்ட ஒரு விண்ணப்பதாரரிடம் 2000-ஆம் ஆண்டு ஆவணத்தைக் காட்டக் கூடாது என்பது இதிலிருந்து தெளிவு.

டி.என்.ஏ. பரிசோதனை எங்கே தவறும்

எக்ஸ் ஒய் என்றால் ஆண், எக்ஸ் எக்ஸ் என்றால் பெண், ஒரு சொட்டு இரத்தத்தில் முடிந்துவிடும் என்பது கேட்க எளிதாக இருக்கிறது. விளையாட்டு உலகம் இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3387 வீராங்கனைகளைச் சோதித்தபோது 8 பேருக்கு ‘ஆண்’ மரபணு இருந்தது. அவர்களில் 7 பேருக்கு முழுமையாகவோ பகுதியாகவோ ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை. ஒருவருக்கு 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு. வேடமிட்டு வந்த ஆண் ஒருவரும் அகப்படவில்லை. எட்டுப் பேருமே போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினப் பரிசோதனையால் இழந்தது நமக்குத் தெரிந்த கதை. மருத்துவ இரகசியம் காக்கப்படாமல் செய்தியாகப் பரவியபோது அவர் பட்ட பாடும் தெரிந்ததே.

பயிற்சி இல்லத்தில் இந்தச் சோதனை எப்படியெல்லாம் தவறும்:

1. ஏற்பின்மை உள்ள பெண்ணையும் ஸ்வயர் நிலைப் பெண்ணையும் இது ‘ஆண்’ என்று சொல்லும். தன் நிலையை அறியாத பத்தொன்பது வயதுப் பெண், வாழ்நாளின் மிகப் பெரிய செய்தியை புதியவர்களைத் தேர்ந்து சேர்க்கும் ஓர் அழைத்தல் இயக்குநரிடமிருந்து கேட்க நேரும்.

2. எஸ்ஆர்ஒய் மரபணு எக்ஸ் குரோமோசோமுக்குத் தாவிவிட்ட, எக்ஸ் எக்ஸ் உள்ள ஆண்கள் உண்டு. குரோமோசோம் அறிக்கை மட்டும் பார்த்தால் இவர் ‘பெண்’.

3. உடலின் ஒரு பகுதிச் செல்களில் ஒரு வகை, மற்றதில் வேறு வகை என்ற கலப்பு நிலையில், வழக்கமாக எண்ணும் 20 இரத்தச் செல்கள் அதைக் காட்டாமல் போகலாம்.

4. உடல் பரிசோதனையும் உறுதியல்ல. குழந்தைப் பருவ அறுவையின் தழும்பை, பால்மாற்று அறுவையின் தழும்பு என்று பழக்கமில்லாத மருத்துவர் தவறாக எண்ணலாம்.

நோக்கம் அடையாளத்தை மறைத்து வருகிறவரைக் கண்டறிவது. கருவியோ எதையும் மறைக்காதவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. மருத்துவக் காரணம் இருந்தால் ஹார்மோன் மருத்துவர் சோதனையை முடிவு செய்யட்டும். அறிக்கை முதலில் விண்ணப்பதாரர் கைக்குப் போகட்டும். விதி 642 உடல்நலத்தையும் முதிர்ச்சியையும் நிபுணர் வழியாக அறிய இடம் தருகிறது. ஆனால் ஒருவரின் நற்பெயரையும் அந்தரங்கத்தையும் காக்கும் விதி 220-க்கு உட்பட்டே அதைச் செய்ய வேண்டும் என்று அந்த விதியே கட்டளையிடுகிறது. உளவியல் சோதனைக்கு முன்கூட்டிய, வெளிப்படையான, சுதந்திரமான ஒப்புதல் தேவை என்று குருமாணவர் சேர்க்கை பற்றிய 2008-ஆம் ஆண்டு வத்திக்கான் நெறிமுறை சொல்கிறது. இரத்தத்துக்கு அதைவிடக் குறைந்த ஒப்புதல் போதும் என்று யாரும் வாதிட முடியாது.

பதிவேடு

நவதுறவுக்கு முன் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் சான்றுகளும் திருமணமாகாதவர் என்ற சான்றும் தர வேண்டும் (விதி 645). அமெரிக்காவில் தெரியவந்த ஒரு நிகழ்வில் புதிய அடையாளத்தோடு சான்றிதழ் முறைகேடாகப் பெறப்பட்டிருந்தது. அதற்கு மரபணு சோதனை தேவையில்லை. விண்ணப்பதாரர் கையில் கொண்டுவரும் நகலை நம்பாமல், பயிற்சி இல்லமே பங்குத்தந்தைக்கு எழுதி, ஓரக்குறிப்புகளோடு கூடிய புதிய சான்றை நேரே வரவழைத்தால் போதும். நம் பங்குகளில் திருமணத்துக்கு இதைத்தான் செய்கிறார்கள்.

நாட்டின் சட்டப்படி பெயரும் பாலும் மாறினாலும் திருமுழுக்குப் பதிவு மாறாது. இத்தாலிய ஆயர் பேரவை 2003-ல் ஓரத்தில் குறிப்பு எழுத மட்டும் இடம் தந்தது. ஊடுபால் குழந்தையின் பால் தவறாகப் பதிவாகியிருந்தால் கதை வேறு: அது மாற்றம் அல்ல, பிழைத்திருத்தம். மருத்துவச் சான்றோடு மறைமாவட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, துறவறத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. சபைக்குள் வந்தபின் இரண்டு சான்றிதழில் இரண்டு பால் இருந்தால், ஒன்றுமில்லாத இடத்தில் சந்தேகம் முளைக்கும்.

வஞ்சகமா, மௌனமா, அறியாமையா

விதி 643 சொல்லும் வஞ்சகம், சேர்ப்பைச் செல்லாததாக்கும் அளவுக்குக் கடுமையானது. தலைவர் உண்மையை அறிந்திருந்தால் சேர்த்திருக்க மாட்டார் என்பது தெரிந்தே, அவரை நம்பவைக்கச் செய்த ஏமாற்று அது. பொய்ச் சான்றிதழ் இதில் அடங்கும். தனக்கே தெரியாத குரோமோசோமைச் சொல்லாதது அடங்காது. நம் குடும்பங்களில் ‘குடலிறக்கத்துக்கு ஆபரேஷன்’ என்று மட்டுமே சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் உண்டு.

இடையில் இருப்பதுதான் சிக்கல்: கேட்காததைச் சொல்லாமல் இருப்பது. படிவத்தில் ‘மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதுவது பொய். ‘இது பற்றி மருத்துவர் மூலமாகப் பேச விரும்புகிறேன்’ என்று எழுதுவது பொய் அல்ல. அந்த வசதி படிவத்திலேயே இருந்தால் பாதிப் பிரச்சினை எழாது.

உடல்நலக் காரணத்துக்காகச் சபை சிலவற்றை அறிந்தே ஆக வேண்டும். அட்ரினல் மிகைவளர்ச்சி உள்ளவர் பொதுவாக நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்து வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி. தவறினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. தவக்கால நோன்பின்போதும், மருத்துவமனை இல்லாத மறைபரப்புத் தளத்துக்கு அனுப்பும்போதும் இல்லத்தலைவிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாலியல் சுரப்பி அகற்றப்பட்டவருக்கு ஈஸ்ட்ரோஜன் நின்றால் எலும்பு தேயும். இல்லத்தலைவிக்கு மருந்தும் அவசரகாலச் செய்முறையும் தெரிந்தால் போதும். குரோமோசோம் எதற்கு?

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்

தற்காலிக வார்த்தைப்பாட்டுக் காலம் குறைந்தது 3 ஆண்டுகள். அது முடியும்போது, நிபுணர் கருத்துப்படி சபை வாழ்வுக்குப் பொருந்தாத உடல், உளநோய் இருந்தால் புதுப்பிக்க மறுக்கலாம் (விதி 689). ஊடுபால் நிலை அப்படிப்பட்ட நோயல்ல. வாழ்வுமுறைக்கு அது இடைஞ்சலாக இருக்கிறது என்று நிபுணர் சொன்னாலொழிய இந்த விதியைப் பயன்படுத்த முடியாது.

வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு நீக்குவது இன்னும் கடினம். காரணம் கடுமையானதாக, வெளிப்படையானதாக, அவர் பொறுப்பேற்க வேண்டியதாக, சட்டப்படி நிறுவப்பட்டதாக இருக்க வேண்டும் (விதி 696). நாற்பது வயதில் ஸ்கேனில் தெரியவந்த பிறவி அமைப்புக்கு ஒரு சகோதரி எப்படிப் பொறுப்பாவார்? பால்மாற்றம் செய்துகொள்ள முடிவெடுத்தவர் விஷயத்தில் சபை இந்த விதியை நாடலாம். அப்போதும் குறைந்தது 15 நாள் இடைவெளியில் இரண்டு எச்சரிக்கைகள், தற்காத்துப் பேச வாய்ப்பு, ஆலோசனைக் குழுவின் வாக்கு எல்லாம் வேண்டும். நீக்கத்தை எதிர்த்து முறையிடும் காலத்தை 2023 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் 10 நாளிலிருந்து 30 நாளாக உயர்த்தினார். நடைமுறையில் பெரும்பாலும் இதுவரை போகாது. விலகல் அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் விதி 702-ஐப் படிக்க வேண்டும். சபையில் செய்த வேலைக்காக எதையும் உரிமையாகக் கோர முடியாது என்று முதல் பகுதி சொல்கிறது. விலகுகிறவரிடம் சபை நியாயத்தோடும் நற்செய்தி அன்போடும் நடக்க வேண்டும் என்று இரண்டாம் பகுதி கட்டளையிடுகிறது. அந்த நியாயம் எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று விதி சொல்லவில்லை. வாழ்நாள் ஹார்மோன் மருந்து, ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய பரிசோதனை, மருத்துவக் காப்பீடு, மருத்துவ ஆவணங்களின் மூலப்பிரதி: இவற்றைக் கடிதத்துக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். விலகல் ஆணை வந்தபின் கேட்டால், கேட்கிறவர் வெளியாள்.